லேகியம் மருந்து இல்லை

"நாட்டு மருந்து, மூலிகை, சூரணம், கஷாயம்னு ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்ல சிஸ்டர்."

நர்ஸ் பிலோமினா திரையில் 'இல்லை' என்பதைத் தொட்டாள். அடுத்த ஆள் வந்தார். அவர் 'இல்ல' என்று சொல்லிக்கொண்டேதான் நாற்காலியில் உட்கார்ந்தார். மாதா மாதம் கேட்கிற கேள்வி. கேட்கிறவளுக்கும் அலுத்துவிட்டது, பதில் சொல்கிறவர்களுக்கும் அலுத்துவிட்டது. ஆனாலும் கேட்டுப் பதிலைத் தொடாவிட்டால் திரை அடுத்த பக்கத்துக்கு நகராது. மனிதர்களை நம்பாதவர்கள் செய்த திரை அது.

உப்பங்கழி நகர் என்பது சென்னைக்கு வடக்கே, கழிமுகத்தை மூடி எழுப்பிய அடுக்குக் குடியிருப்பு. ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் புகை, நடுவில் கண்டெய்னர் லாரிகளின் புழுதி. அங்கே குழந்தை பிறந்தால் பெயர் வைப்பதற்கு முன்பே இளைப்பு வந்துவிடும். முன்பெல்லாம் ஆளுக்கொரு உறிஞ்சும் மருந்துக் குப்பியைச் சட்டைப்பையிலும் ஜாக்கெட்டுக்குள்ளும் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். அப்படியும் மழைக்காலம் வந்தால் மாடிக்கு ஒரு சாவு விழும்.

பிறகுதான் மணி வந்தது. துவரம்பருப்பு அளவுக்கு ஒரு பொருள். காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்துவிடுவார்கள். மூச்சு எப்படிப் போகிறது, எப்படி வருகிறது என்று அதுவே கேட்டுக்கொண்டிருக்கும். இறுகுகிறது என்று தெரிந்தால் வேண்டிய மருந்தை ரத்தத்தில் விடும். வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாகத் தோல் வழியாகப் பச்சையாக ஒரு புள்ளி தெரியும். மணி வந்த பிறகு உப்பங்கழி நகரில் மூச்சு முட்டிச் சாவது அநேகமாக நின்றேபோனது.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வேறு எந்த மருந்தையும் அதனுடன் சேர்க்கக் கூடாது. சேர்த்தேன் என்று யாராவது சொன்னால் அந்த நிமிடமே அவருடைய மணி அணைந்துவிடும். விசாரணை முடிந்துதான் மறுபடி எரியும். விசாரணை எப்போது முடியும் என்பது இலாகாவுக்கே தெரியாது.

பிலோமினாவுக்கு இளைப்பு கிடையாது, மணியும் கிடையாது. அவள் கவலையெல்லாம் வீட்டுக்காரரைப் பற்றித்தான். சவரிராயன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வானத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை பார்த்த மனிதர், இப்போது மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவரைத் தாண்டிக்கொண்டு அவரைவிட வயதான பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு ஏறிப் போகிறார்கள். குடியிருப்பே தேறிக்கொண்டிருக்கும்போது அவர் ஒருவர் மட்டும் தேய்ந்துகொண்டிருந்தார். 'சிஸ்டர் வூட்டுக்காரருக்கே இந்தக் கதியா' என்று வரிசையில் யாரோ சொன்னது அவள் காதில் விழத்தான் செய்தது.

பீடியாகத்தான் இருக்கும் என்று அவள் முடிவுகட்டினாள். இத்தனை வருடச் சர்வீஸில் அவள் பார்த்த வரைக்கும், ஒருவருக்கு மட்டும் மருந்து பிடிக்கவில்லை என்றால் அதற்குப் பின்னால் ஒரு பீடி இருக்கும். துவைக்கப் போடுகிற சட்டையை எடுத்துக் கழுத்துப் பட்டியை முகர்ந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது சவரிராயன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா வாசனை வருது?"

"வேர்வைதான்."

"அப்புறம்?" அவருக்குக் கோபப்படுவதற்குக்கூட மூச்சு போதவில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். "நீ சொன்னதைத் தவிர வேற எதுவும் என் தொண்டைக்குள்ள போனதில்ல பிலோ. தீபாவளி வந்தா குணவதி லேகியம் எடுத்தாருவா. எனக்கு உசுரு அது. அதையே வேணான்னு திருப்பி அனுப்பிட்டேன். சிஸ்டர் வூட்டுலயே விதிய மீறுறாங்கன்னு உனக்குப் பேர் வரக்கூடாதுன்னு."

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சட்டையை வாளியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் சொன்னதில் முக்கியமானது எது என்று அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

உறைத்தது அந்த வாரம் மேல்மாடியில் ஒருவருக்கு மணியைச் சரிபார்க்கப் போனபோது. படி ஏறும்போதே நெய் வாசனையும் கார நெடியும் மூக்கைத் துளைத்தன. பொது நடையில் அடுப்பை வைத்து, குணவதி ஒரு பெரிய உருளியில் கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஆளுக்கொரு டப்பாவோடு காத்திருந்தார்கள். நெருப்புக்கு முன்னால் அத்தனை நேரம் நின்றும் குணவதிக்கு இருமல் இல்லை, இரைப்பு இல்லை.

"இன்னா சிஸ்டர், மேல வந்துட்ட? வா, ஒரு வாய் துன்னுட்டுப் போ."

"எதுக்கு இவ்வளவு? தீபாவளிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே."

"தீபாவளிக்கா? இது இந்த மாசத்துக்கு. போன தபா தீபாவளிக்குத் துன்னப்ப அல்லாருக்கும் மூச்சு ஜோரா வுட முடிஞ்சுது. அப்ப இன்னாத்துக்கு நிறுத்தணும்னு மாசாமாசம் கிண்டிக்கினு கீறோம். மொதல்ல கொஞ்ச நாளு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அப்பால அதுவே சரியாப் பூட்ச்சு."

"என்னென்ன போடுற?"

"இன்னா போடுவாங்க? சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய்யி. திப்பிலி மட்டும் நான் ஒரு புடி சேத்துப் போடுவேன். நெஞ்சுக்கு நல்லதாச்சே."

"நான் மாசாமாசம் உன்கிட்ட கேக்குறேனே குணவதி. நாட்டு மருந்து சாப்பிடுறியான்னு."

"ஆமா, கேக்குற. நான் எதுக்கு நாட்டு மருந்து துன்னப் போறேன்? அதான் மணி கீதே."

"அப்ப இது?"

"இதுவா?" குணவதி கிண்டுவதை நிறுத்திவிட்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இது லேகியம் சிஸ்டர்."

அவள் பொய் சொல்லவில்லை. அந்தக் குடியிருப்பில் ஒருவரும் பிலோமினாவிடம் பொய் சொன்னதில்லை. சாம்பார் சாப்பிட்டேன், ஊறுகாய் தொட்டுக்கொண்டேன் என்று யாராவது நர்சிடம் சொல்வார்களா? அந்த வரிசையில் இருப்பதுதான் லேகியமும். எண்ணெய்க் குளியல் முடிந்து வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு உருட்டிப் போட்டுக்கொள்கிற பண்டம். அதைப் போய் மருந்துக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்கிற பிலோமினாவுக்கே தோன்றவில்லையே. ஆனால் அவளுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்று அவள் வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் அதையும் நிறுத்தியிருந்தார்.

மறுநாள் மதியம், கூட்டம் கலைந்த பிறகு, மணிகளைக் கவனிக்கிற மையத்துக்குப் பேசினாள். டாக்டர் இம்தியாஸ் எடுத்தார். நல்ல மனிதர். ஒரே நேரத்தில் பல ஊர்களின் மூச்சைப் பார்த்துக்கொண்டு தன் மதியச் சாப்பாட்டை மறந்துபோகிற ரகம்.

"ஒரு சந்தேகம் டாக்டர். பொதுவாத்தான் கேக்குறேன். மணி வெச்சிருக்கிறவங்க திப்பிலி சாப்பிட்டா என்ன ஆகும்?"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "பொதுவாவே சொல்றேன் சிஸ்டர். மணிக்குள்ள இருக்கிறது கொஞ்சம் பொல்லாத மருந்து. அளவு குறைஞ்சா மூச்சு திணறும், கூடினா நெஞ்சு தாறுமாறா அடிக்கும். சாதாரணமா ஈரல் அதைக் கரைச்சு வெளிய தள்ளிடும். திப்பிலியும் மிளகும் அந்த ஈரல் வேலையை மந்தமாக்கிடும். மருந்து உள்ளயே தங்கிடும். கொடுத்தது கொஞ்சமா இருந்தாலும் ரத்தத்துல நிறைய இருக்கும்."

"அப்ப மணி என்ன பண்ணும்?"

"ஒருத்தர் ரெண்டு பேருன்னா ஒண்ணும் பண்ணாது. ஊரே சாப்பிட்டா, 'இந்த ஊர்க்காரங்களுக்குக் கொஞ்சம் மருந்தே போதும் போலிருக்கு'ன்னு கத்துக்கும். அந்த ஊருக்குன்னு ஒரு உச்சவரம்பு இருக்கு இல்ல, அதைக் குறைச்சிடும். உங்க ஊர்லகூடப் போன வருஷம் நிறையப் பேருக்குப் படபடப்பு வந்து குறைச்சிருக்கு." பிறகு கேட்டார். "உங்க ஊர்ல திப்பிலி சாப்பிடாத ஆள் யாராவது இருக்காங்களா சிஸ்டர்?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இருந்தா அவர் பாடு கஷ்டம். மணி கொடுக்கப் பார்க்கும், ஆனா வரம்பைத் தாண்டிக் கொடுக்காது."

"அவருக்கு மட்டும் கையால கூட்டி வைக்க முடியாதா?"

"அந்த அதிகாரத்தை எங்ககிட்டேயிருந்து எடுத்து ரொம்ப வருஷமாச்சு. டாக்டருங்க கையால வெச்ச அளவுல ஆளுங்க செத்து, கேஸ் ஆகி... இப்ப மெஷின் மட்டும்தான். ஒரே ஒரு வழி இருக்கு. மணி வெச்சிருக்கிறவங்கள்ல யாராவது ஒருத்தர் 'ஆமா, சாப்பிடுறேன்'னு சொல்லணும். ஒரு 'ஆமா' வந்தா போதும். அந்த ஊர்ல கத்துக்கிட்டது தப்பா இருக்கலாம்னு மெஷினுக்குச் சந்தேகம் வந்துடும், உச்சவரம்பு உடனே பழைய இடத்துக்குப் போயிடும். சொன்ன ஆளோட மணி மட்டும் அணைஞ்சிடும்." பிறகு மெதுவாகச் சொன்னார். "நீங்க இதைக் கேட்டதா நான் எங்கேயும் எழுதமாட்டேன் சிஸ்டர். என்னால இவ்வளவுதான் முடியும்."

யாரிடம் போய் 'நீ ஆமாம் சொல்' என்று கேட்பது? அவள் போனை வைத்தாள். குணவதியிடம் கேட்கலாம். குணவதியின் மணி அணைந்தால், அடுத்த மழைக்குக் குணவதி இருப்பாளா? யோசித்து யோசித்து அவளுக்குத் தலை வலித்ததுதான் மிச்சம். களைத்துப்போனவர்கள் எல்லாரும் எந்த வழியை எடுப்பார்களோ அந்த வழியைத்தான் பிலோமினாவும் எடுத்தாள். குணவதியிடம் ஒரு டப்பா லேகியம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சவரிராயன் டப்பாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"வேற எதுவும் வேணான்னு நீதான சொன்ன?"

"இப்ப நான்தான் சாப்பிடச் சொல்றேன். ஊரே சாப்பிடுது. நீங்க ஒருத்தர்தான் சாப்பிடல. அதான் உங்களுக்கு மட்டும் முடியல."

"அப்ப மாசக் கேள்விக்கு?"

"இல்லன்னு சொல்லுங்க."

அவர் ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அத்தனை ஆசையாகச் சாப்பிட்ட பண்டத்தை அப்படி முகம் சுளித்து அவர் விழுங்கி அவள் பார்த்ததில்லை.

தேறிவிட்டார். நம்ப முடியாத வேகத்தில் தேறினார். தானே கீழே இறங்கிப் போய்ப் பால் வாங்கி வந்தார். மாதக் கேள்விக்கு அவளைப் பார்க்காமல் 'இல்ல' என்றார், அவள் அவரைப் பார்க்காமல் 'இல்லை'யைத் தொட்டாள். இத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் நிம்மதியாக இருந்தது, அதை மறைப்பானேன்.

அதற்குச் சில நாளில் இம்தியாஸே கூப்பிட்டார். "சிஸ்டர், உங்க ஊர்ல ஒரே ஒருத்தர்தான் கணக்குக்கு ஒத்துவராம இருந்தார். அவரும் சரியாயிட்டார். அந்த ஒருத்தரை வெச்சுத்தான் மெஷின் இவ்வளவு நாளா தயங்கிக்கிட்டு இருந்துச்சு. இப்ப உச்சவரம்பை இன்னொரு படி இறக்கிடுச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னு சொன்னேன்."

"எங்க ஊர்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க டாக்டர்" என்றாள் அவள். அது உண்மையும்கூட.

அந்த உண்மை மாதம்மா வரும் வரைக்கும்தான் தாங்கியது. மாதம்மா தருமபுரிப் பக்கத்திலிருந்து கண்டெய்னர் கிடங்கு வேலைக்கு வந்தவள். கீழ்த்தளத்தில் குடியேறியிருந்தாள். அவளுடைய மகள் இதழினிக்கு ஊரிலேயே மணி வைத்திருந்தார்கள். இங்கே வந்ததும் அந்த மணி உப்பங்கழி நகர்க் கணக்கில் சேர்ந்துகொண்டது. வந்த புதிதில் நடையில் ஓடி விளையாடிய பெண், இப்போது அம்மா இடுப்பில் சாய்ந்துகொண்டு வந்தாள். உதட்டில் லேசான நீலம். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது.

"நாட்டு மருந்து ஏதாவது கொடுக்கிறியாம்மா?"

"அய்யோ, இல்லீங்க சிஸ்டர்." மாதம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நல்ல பெயர் வாங்கப் போகிற பெருமை முகத்தில் தெரிந்தது. "மணி வெச்சப்பவே சொன்னாங்கள்ல, வேற எதையும் சேக்கக் கூடாதுன்னு. மெளகு ரசங்கூட இவளுக்கு நான் வெக்கறதில்லீங்க. சொன்னபடிதான் செய்யறோம்."

இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்குச் சரியான பதிலைக் கேட்டு பிலோமினா பயந்தது அப்போதுதான். கதவைச் சாத்திவிட்டுப் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். மிளகளவு கிள்ளிக் குழந்தையின் நாக்கில் வைத்தாள். இதழினி காரம் தாங்காமல் துப்பிவிட்டு இருமினாள். அந்த இருமல் நிற்க எவ்வளவு நேரமாயிற்று!

"என்னங்க சிஸ்டர் குடுத்தீங்க?"

"இனிப்பும்மா."

மாதம்மா டப்பாவை முகர்ந்து பார்த்தாள். "இதெல்லாம் வேண்டாங்க" என்றாள் மரியாதையாக. "நாளைக்கு மணிய நிறுத்திட்டா நான் எங்கீங்க போவேன்?"

வீட்டில் பிலோமினா இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது. வரம்பு, படி, குழந்தையின் உதடு, எல்லாவற்றையும் சவரிராயனிடம் கொட்டினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் துன்ன ஆரம்பிச்சப்புறம்தான் இன்னொரு படி கொறஞ்சுதா?"

"அப்படிச் சொல்லாதீங்க. குடுத்தது நான்."

"ஒரு 'ஆமா' போதுமா?"

"அந்தப் பேச்சை விடுங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த மாதக் கேள்வி நாள் வந்தது. வரிசை வழக்கம்போல வாசலைத் தாண்டி நீண்டிருந்தது. ஓரத்து பெஞ்சில் மாதம்மா மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சவரிராயன் தன் முறைக்கு வந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பச்சைப் புள்ளி பளிச்சென்று இருந்தது.

"நாட்டு மருந்து, மூலிகை, சூரணம், கஷாயம்னு..."

"ஆமா."

அவள் தலை தூக்கினாள்.

"லேகியம் துன்றேன். திப்பிலி போட்டது. தினமும்." ஊருக்கே கேட்கிற மாதிரி, கிரேனிலிருந்து கீழே இருப்பவனைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

"ஏங்க," அவள் திரையிலிருந்து விரலை எடுத்தாள், "மணி அணைஞ்சிடும்."

"தெரியும். நீதான சொன்ன."

"மழை வருதுங்க. தாங்க மாட்டீங்க."

"அந்தப் புள்ளயும் தாங்காது பிலோ." அவர் பெஞ்சைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "போன மாசத்தைத் தவிர நான் உன்கிட்ட பொய் சொன்னதில்ல. எழுது."

திரையில் 'ஆமாம்' என்று ஓர் இடம் இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அவள் விரல் அங்கே போய் நின்றது. எடுத்துவிடத்தான் நினைத்தாள். கடவுளே, எடுத்துவிடத்தான் நினைத்தாள். தொட்டாள்.

அவருடைய தோலுக்குள் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. திரையில் உப்பங்கழி நகரின் உச்சவரம்பு பழைய இடத்துக்கு ஏறியது. அதற்குக் கீழே, விதியை மீறியவர் என்ற தலைப்பில், அந்த ஊரில் ஒரே ஒரு பெயர் வந்து நின்றது.

"இன்னா சார்," என்றாள் அடுத்து நின்ற குணவதி, "ஊரையே மாட்டி வுட்டுட்டியே!"

"உன்னச் சொல்லல குணவதி. என்னத்தான் சொன்னேன்."

பிலோமினா எழுந்து நின்று வரிசையைப் பார்த்துச் சொன்னாள். "இனிமே மணி முழு அளவு கொடுக்கும். அதோட யாராவது லேகியத்தை ஒரு வாய் வெச்சீங்கன்னாலும் நெஞ்சு தாங்காது. இன்னையோட நிறுத்திடுங்க. வீட்ல இருக்கிறதைக் கொட்டிடுங்க." பெஞ்சில் இதழினியின் கழுத்துக் குழி இன்னும் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் முன்பைவிட ஆழம் குறைந்த மாதிரி பிலோமினாவுக்குத் தோன்றியது. தோன்றியதோ, ஆசைப்பட்டாளோ.

அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய உறிஞ்சும் குப்பி ஒன்றைத் துடைத்து எடுத்து வந்து கணவர் கையில் கொடுத்தாள். அவர் பெஞ்சுக்குப் போய், அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதை எப்படிப் பிடிப்பது என்று மறந்துபோனவராகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குணவதி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாட்டு மருந்து, மூலிகை ஏதாவது சாப்பிடுறியா?"

குணவதி திரும்பி பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். பிறகு, பிலோமினாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இன்னியிலேருந்து இல்ல."

பிலோமினா 'இல்லை'யைத் தொட்டாள். எழுந்து பெஞ்சுக்குப் போய், கணவர் கையிலிருந்த குப்பியை எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள். திரும்பி வந்து அடுத்தவரைக் கூப்பிட்டாள்.